சிங்கத்துக்கு முன்னால் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: கோவில்பட்டியிலிருந்து கென்யா வரை

2006 நவம்பரில் நானும் என் மனைவி முத்துப்பேச்சியும் கென்யாவுக்குப் போய்வந்தோம். வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்ப வந்து சேரப் பன்னிரண்டு நாள். அதில் காட்டில் மூன்று இரவு, கடற்கரையில் மூன்று இரவு. மீதி நாளெல்லாம் ரயிலிலும் விமானத்திலும் வரிசையிலும் கழிந்தது. இதே மாதிரி போக நினைக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் மின்னஞ்சலில் விவரம் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கோவில்பட்டியில் பம்புசெட் உதிரிபாகக் கடை. கடையைப் பூட்டிவிட்டு மூன்று நாளுக்கு மேல் வெளியூர் போனதே இல்லை. போன இடங்களும் கோயில்கள்தான். கயத்தாறுக்குப் பக்கத்தில் என் மாமனார் நிலத்தில் ஒரு துண்டு நாலுவழிச் சாலைக்குப் போனது. வந்த பணத்தில் மைத்துனர்கள் முத்துப்பேச்சிக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். கடைக்கு மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கணக்கு வேறு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவள் டிவியில் பார்ப்பது விலங்குகள் வருகிற சேனல் மட்டும்தான். ஆடு மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். சிங்கம் மானைத் துரத்தும்போது மந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

"சாமியெல்லாம் பாத்தாச்சு. இந்தச் சிங்கத்த வேலி இல்லாத எடத்துல வச்சு ஒரு நாள் பாக்கணும். முடிஞ்சா கூட்டம் இல்லாத கடல்ல ரெண்டு நாள் கெடக்கணும்," என்றாள். அவள் பணம், அவள் ஆசை. நான் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பயண முகவரைப் பிடித்தேன். காசிக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் அனுப்பிப் பழக்கம் உள்ளவர். ஆப்பிரிக்காவுக்கு நாங்கள்தான் முதல் ஆட்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. எதைக் கேட்டாலும், "அண்ணாச்சி, நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க," என்பார். இதை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு புதுக் கவலை வந்து சேரும். தலைக்கு அறுபத்தெட்டாயிரம் ரூபாய், விமானம், வண்டி, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து என்றார். நவம்பரில் போனால் பதினைந்து சதவீதம் குறைவு என்றார். ஏன் குறைவு என்று நான் கேட்டிருக்க வேண்டும். நவம்பர் அங்கே மழை மாதம். டிவியில் லட்சக்கணக்கில் ஆற்றைத் தாண்டுகிற அந்த மாட்டுமான்கள் அதற்குள் தெற்கே போய்விடும். இரண்டையும் நான் தெரிந்துகொண்டது அங்கே போன பிறகு.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. அந்த ஊசி போட்டுக்கொண்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஊர் விமான நிலையத்திலேயே நம்மைத் தனியாக அடைத்து வைத்துவிடுவார்கள். அது எந்த ஆஸ்பத்திரியிலும் போடுவார்கள் என்றார் முகவர். கோவில்பட்டியில் மூன்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். ஒரு இடத்தில் மஞ்சள் காமாலைக்கு மருந்து எழுதித் தந்தார்கள். திருநெல்வேலியில் கேட்டேன், இல்லை. கடைசியில் சென்னை என்று தெரிந்தது. ரயிலில் அறுநூறு கிலோமீட்டர் போய், காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று, ஒரு குப்பியைத் திறக்கப் பத்துப் பேர் சேர வேண்டும் என்று பதினொன்றரை வரை உட்கார்ந்து, அரை நிமிடத்தில் ஊசி போட்டுக்கொண்டு, அன்று சாயங்காலமே ரயிலேறினோம். ஊசி பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். கிளம்புவதற்கு முந்தின வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று முகவர் சொன்னதைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு பெயர்ப் பிரச்சினை. நமக்கு முதலெழுத்து, பெயர், அவ்வளவுதான். விமான டிக்கெட்டுக்குக் குடும்பப் பெயர் வேண்டுமாம். என் டிக்கெட்டில் என் அப்பா பெயரைப் பின்னால் போட்டார்கள். முத்துப்பேச்சி டிக்கெட்டில் முத்து தனி, பேச்சி தனி, பேச்சி குடும்பப் பெயர் என்று அடித்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் அப்படி இல்லை. திருத்தப் பதினெட்டு நாள், ஏழு தொலைபேசி அழைப்பு.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அடுத்ததுதான் அப்படி இல்லை.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது முகவர் கடைக்கே போன் செய்தார். "அண்ணாச்சி, மதினி பாஸ்போர்ட்டுல ஒரு சீல் இருக்கு பாத்துக்கிடுங்க. அதுக்குச் சென்னையில தனியா ஒரு அனுமதி வாங்கணும். இல்லைன்னா ஏர்போர்ட்ல நிப்பாட்டிருவாங்க," என்றார்.

அந்த சீல் எனக்குத் தெரியும். போதுமான படிப்பு இல்லாதவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய் ஏமாந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் பாஸ்போர்ட்டில் அடித்துக் கொடுத்த முத்திரை. முத்துப்பேச்சி படித்தது ஏழாவது வரை. நான் பி.காம். வருமான வரி கட்டுகிறவன். அதைக் காட்டி, கல்யாணப் பதிவுச் சான்றும் வைத்திருந்தால் அவளுக்கு சீல் இல்லாமலே கிடைத்திருக்கும். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது, யாரும் பதிவு செய்யவில்லை. இப்போது பதிவு செய்து விண்ணப்பித்தால் இரண்டு மாதம் ஆகும், டூருக்குத்தானே, சீலோடு வந்தால் என்ன என்று விண்ணப்பம் எழுதித் தந்தவர் சொன்னார். நானும் சரி என்றேன். திருச்சியிலிருந்து பாஸ்போர்ட் தபாலில் வந்தபோது நான்தான் பிரித்தேன். முத்திரையைப் பார்த்தேன். மூடி என் பையில் வைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

முகவரின் ஆள் பாஸ்போர்ட்டைச் சென்னைக்குக் கொண்டுபோனான். என் பாஸ்போர்ட்டை மட்டும் ஏன் கொண்டுபோகவில்லை என்று முத்துப்பேச்சி ஒரு தடவை கேட்டாள். விசா சம்பந்தமாக ஏதோ என்றேன். கென்யாவுக்கு விசா அங்கே போய் இறங்கித்தான் எடுக்க வேண்டும், தலைக்கு ஐம்பது டாலர். அது அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் சொன்ன பொய். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அனுமதி முத்திரையோடு பாஸ்போர்ட் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

கோவில்பட்டியில் சாயங்காலம் ரயிலேறினோம். காலை ஏழேகாலுக்குச் சென்னை. ஒன்பது நாற்பதுக்கு மும்பைக்கு விமானம். மும்பையில் உள்நாட்டு முனையத்திலிருந்து வெளிநாட்டு முனையத்துக்குப் பஸ். மூன்று பத்துக்கு நைரோபி விமானம். இப்படித் திட்டம் போட்ட மனிதர் தன் வாழ்நாளில் பெட்டி தூக்கியிருக்க மாட்டார்.

மும்பையில் குடியேற்றப் பரிசோதனையில் என்னை அனுப்பிவிட்டார்கள். முத்துப்பேச்சியின் பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி அவளை ஓரத்தில் இருந்த வேறு வரிசைக்குப் போகச் சொன்னார். நானும் கூடப் போனேன். அந்த வரிசையில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற ஆட்கள் முப்பது பேர் இருந்தார்கள். பெண் என்று இவள் ஒருத்திதான். பட்டுப் புடவை கட்டியிருந்தாள். முதல் தடவை விமானம் ஏறுகிறோம் என்று கட்டியது.

அங்கிருந்த அதிகாரி இந்தியில் கேட்டார், பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். யார் வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள், சம்பளம் யார் பேசியது, திரும்பி வர டிக்கெட் இருக்கிறதா என்று. நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். "என்ன கேக்காவ?" என்றாள் முத்துப்பேச்சி. எங்கே போகிறோம் என்று கேட்கிறார்கள், வேறு ஒன்றும் இல்லை என்றேன். அனுமதி முத்திரையை யாரிடமோ காட்டிக் கேட்க வேண்டும் என்று அதிகாரி பாஸ்போர்ட்டோடு உள்ளே போனார்.

எங்களுக்கு முன்னால் நின்றவர் சங்கரன்கோவில் பக்கத்துக் கொத்தனார். தமிழைக் கேட்டுத் திரும்பியவர், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகத்தான் சொன்னார். "பயப்படாதீங்கக்கா. எனக்கும் இதே சீல்தான். படிக்காதவியளுக்குப் போடுதது. கொஞ்ச நேரம் நிப்பாட்டி வச்சிட்டு விட்டுருவாவ."

முத்துப்பேச்சி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து பாஸ்போர்ட் வந்தது. நான் கை நீட்டுவதற்குள் அவள் வாங்கிக்கொண்டாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ஆனால் எது அந்த முத்திரை என்று கண்டுபிடிக்க அது தேவைப்படவில்லை. பாஸ்போர்ட்டைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். ஆறு மணி நேர விமானத்தில் அவள் பேசியது இரண்டு வார்த்தை. தூக்கம் வருகிறது என்றாள். தூங்கவில்லை.

நைரோபியில் இறங்கும்போது அங்கே மாலை ஆறே முக்கால். நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். மறுநாள் காலை ஏழரைக்கு வண்டி வந்தது. கூரையைத் தூக்கி நிமிர்த்தி, நின்றபடியே வெளியே பார்க்கக்கூடிய வேன். ஓட்டுநர் பெயர் முவாங்கி, ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். ஆறு பேர் கொண்ட குழு என்று முகவர் சொன்னதற்கு வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். இந்த மாதம் யாரும் வருவதில்லை என்றார் முவாங்கி.

நைரோபியிலிருந்து மசாய் மாரா இருநூற்று எழுபது கிலோமீட்டர். நரோக் என்ற ஊர் வரை ஏதோ ரோடு இருக்கிறது. அதற்குப் பிறகு இருப்பதற்குப் பெயர் ரோடு என்று சொன்னால் நம்ம ஊர் ரோட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். எண்பது சொச்சம் கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம். முதுகெலும்பில் ஒவ்வொரு கண்ணியும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

வழியில் ஒரு இடத்தில் மசாய் ஆட்கள் வெள்ளாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். முத்துப்பேச்சி முன் இருக்கையைத் தட்டி நிறுத்தச் சொன்னாள், என்னைக் கேட்காமல், சைகையிலேயே. இறங்கிப் போய் ஒரு ஆட்டின் காதைப் பிடித்துப் பார்த்தாள். காதில் அடையாளத்துக்கு வெட்டு இருந்தது. நம் ஊரிலும் இந்தப் பழக்கம் உண்டு. அவள் தன் காதைத் தொட்டு, விரலால் வெட்டுகிற மாதிரிக் காட்டி, வேறு மாதிரி வெட்டு ஒன்றைக் காற்றில் வரைந்தாள். அந்த ஆள் சிரித்துவிட்டுத் தன் மந்தையிலிருந்து இன்னொரு ஆட்டை இழுத்துவந்து காட்டினார். கால் மணி நேரம் இப்படி ஓடியது. நான் ரோட்டோரம் தனியாக நின்றேன். வண்டிக்குத் திரும்பியதும் அவள் முகம் விமானத்தில் இருந்த மாதிரியே மறுபடி இறுகிவிட்டது.

மறுநாள் முழுக்கக் காட்டுக்குள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, யானை எல்லாம் வேண்டுமளவுக்குப் பார்த்தோம். சிங்கம் இல்லை. மூன்று மணிக்கு வானம் கருத்தது. அந்தப் பருவத்தின் முதல் நல்ல மழை எங்களுக்காகவே காத்திருந்தது போல ஒரு மணி நேரம் கொட்டியது. நான்கரைக்குப் பூங்கா வாசலைத் தாண்டி வெளியே வந்தோம். தங்குமிடத்துக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர். அங்கேதான் வேன் நின்றது.

இறங்கிப் பார்த்தேன். கரிசல். எட்டயபுரம் ரோட்டோரம் கிடக்கிற அதே கறுப்பு மண். அங்கேயும் அதைப் பருத்தி மண் என்றுதான் சொல்கிறார்கள் என்று முவாங்கி சொன்னார். முவாங்கி இன்ஜினை அழுத்த அழுத்தப் பின்சக்கரம் சுழன்று உள்ளே போனது. தங்குமிடத்துக்குப் போன் செய்தார், சிக்னல் இல்லை. ஆறரைக்கு இருட்டிவிடும். வாசலுக்கு வெளியே என்பதெல்லாம் மனிதன் போட்ட கணக்கு, கழுதைப்புலிக்கும் சிறுத்தைக்கும் அது தெரியாது என்று அவரே சொன்னார். எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. முகவரை, மழையை, வண்டியை, பதினைந்து சதவீதத் தள்ளுபடியை, எல்லாவற்றையும் சத்தமாகத் திட்டினேன்.

முத்துப்பேச்சி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். குடையின் முனையை மண்ணில் குத்திப் பார்த்தாள். பத்தடி தள்ளி இன்னொரு தடவை குத்தினாள். பிறகு, விமானத்தில் சொன்ன அந்த இரண்டு வார்த்தைக்கு அப்புறம் முதல் தடவையாக, என்னிடம் பேசினாள்.

"அவரை அழுத்த வேண்டாம்னு சொல்லுங்க. மேல நாலு விரக்கடதான் நனஞ்சிருக்கு. அடியில மண்ணு காஞ்சுதான் கெடக்கு. மேச் சேத்த வழிச்சுட்டா சக்கரம் பிடிச்சுக்கிடும்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். முவாங்கி சந்தேகமாகப் பார்த்தார். அதற்குள் அவள் சாப்பாட்டுச் சம்படத்தின் மூடியை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து சேற்றை வழிக்க ஆரம்பித்துவிட்டாள். முவாங்கி தன் வெட்டுக்கத்தியோடு அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போனார். நான் இவள் பக்கத்தில் குந்தி, கையாலேயே வழித்தேன். கரிசல் சேறு எப்படி ஒட்டும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கை வழித்தால் இரண்டு கை மண் ஒட்டிக்கொள்ளும்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை நிறுத்தாமலே பேசினாள். "அந்தச் சீல் விஷயத்த வீட்டுல வச்சே சொல்லியிருந்தா நான் என்ன செத்தா போயிருப்பேன்?"

வருத்தப்படுவாய் என்று நினைத்தேன் என்றேன்.

"நான் ஏழாவதோட நின்னது எனக்குத் தெரியாதா? உங்க கடைக் கணக்க இருவது வருசமா நாந்தான எழுதுதேன். எனக்குத் தெரியாதது, அதுக்கு நீங்க வெக்கப்படுதீங்கங்கது. அதத்தான் அந்தக் கொத்தனார் அண்ணாச்சி முன்னால வச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது உண்மைதான். முதலாளிகள் சங்கக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போது யாராவது படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் பேச்சை மாற்றுவேன். அதை அவள் கவனித்ததே இல்லை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தப்புதான், சொல்லியிருக்கணும் என்றேன். "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வழிங்க," என்றாள்.

இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் பத்தடி நீளத்துக்குப் பாதை மாதிரி வழித்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அடியில் அவள் சொன்ன மாதிரியே காய்ந்த மண். மந்தையை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்த இரண்டு மசாய் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து தள்ளினார்கள். மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள் என்றாள். முவாங்கி மெதுவாக எடுத்தார். ஆறு பத்துக்கு வண்டி மேட்டில் ஏறி நின்றது. அந்த இரண்டு பேருக்கும் முத்துப்பேச்சி ஊரிலிருந்து கொண்டுவந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்தாள். முவாங்கி என்னிடம், உங்கள் மனைவி என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். கடையில் உதவியாக இருக்கிறாள் என்றேன். சொன்ன பிறகுதான், மறுபடியும் அதையே செய்துவிட்டேன் என்று உறைத்தது. நல்லவேளை, அவளுக்கு ஆங்கிலம் புரியாது என்று ஒரு நொடி தோன்றியது. அந்த நினைப்பே கேவலமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை எட்டேகாலுக்குச் சிங்கம் பார்த்தோம். ஐந்து பெண் சிங்கங்கள், ஒரு புதருக்கடியில். வண்டியிலிருந்து முப்பதடி. முத்துப்பேச்சி கூரை வழியாக எழுந்து நின்றாள். ஒரு மணி ஐந்து நிமிடம் அப்படியே நின்றாள். நான் நேரம் பார்த்தேன். போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று கையசைத்தாள். ஒரு சிங்கம் எழுந்து வண்டிக்குப் பின்னால் நடந்து போனபோது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அது போன பிறகும் கையை எடுக்கவில்லை. "டிவில சத்தம் போடும். இது மூச்சு விடுதது கேக்குது," என்றாள். எங்கள் பயணத்தில் திட்டப்படி நடந்த ஒரே விஷயம் இதுதான். நடந்ததற்கு முகவர் காரணம் இல்லை.

நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு விமானம் என்றார்கள். கையில் கொடுத்தது பஸ் டிக்கெட். நானூற்று எண்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம், பாதி ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. மொம்பாசாவிலிருந்து வடக்கே பன்னிரண்டு கிலோமீட்டரில் எங்கள் கடற்கரை விடுதி. மறுநாள் காலை ஆசையாகக் கடலுக்குப் போனால் கடலைக் காணோம். வற்றம் வந்து தண்ணீர் அரை கிலோமீட்டருக்கு உள்ளே போய்விட்டது. இந்தப் பக்கம் பாசியும் கூர்மையான கல்லும். படகு வேண்டுமா, சிப்பி வேண்டுமா, பாசிமணி வேண்டுமா என்று நான்கு பேர் கூடவே வந்தார்கள். வேண்டாம் என்று எத்தனை மொழியில் சொன்னாலும் அவர்களுக்குக் காது கேட்காது. மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் திரும்பி வந்தது. வெளியே பவளப்பாறை மறிப்பதால் அலையே இல்லை, குளம் மாதிரி இருந்தது. முத்துப்பேச்சி புடவையோடு இறங்கி இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தாள். நான் கரையில் செருப்புக்குக் காவல்.

கடைசி நாள் காலை பலகாரத்தின்போது பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, எழுபது வயதிருக்கும், தனியாக வந்தவர். எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுவிட்டு, முத்துப்பேச்சியைப் பார்த்து, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு நிறுத்திவிட்டு, இவள் பக்கம் திரும்பி, நீ என்ன செய்கிறாய் என்று கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்றேன்.

முத்துப்பேச்சி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏழாவது வரைக்கும் படிச்சேன்னு சொல்லுங்க. கல்யாணம் வரைக்கும் ஆடு மேச்சேன்னு சொல்லுங்க. இப்பக் கடைக் கணக்குப் பாக்கேன். ஒண்ணையும் விட்டுராம சொல்லுங்க."

ஒன்றையும் விடாமல் சொன்னேன். அந்த அம்மா முட்டையை வெட்டுவதை நிறுத்திவிட்டு ஆர்வமாக முன்னால் நகர்ந்து, எத்தனை ஆடு என்று கேட்டார். முப்பத்தேழு என்றாள் இவள். அவருடைய அண்ணன் வீட்டிலும் ஆடு இருக்கிறதாம். அதற்குப் பிறகு அரை மணி நேரம் எனக்கு மொழிபெயர்ப்பு வேலைதான். இட்லி மாதிரி எதையோ நினைத்து எடுத்து வைத்திருந்தது ஆறிப்போனது.

போக நினைப்பவர்களுக்கு, நான் பட்டதிலிருந்து சில வார்த்தை. ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் போங்கள், தள்ளுபடிக்கு ஆசைப்படாதீர்கள். ஊசியை ஒரு மாதம் முன்னாலேயே சென்னையில் போட்டுவிடுங்கள். டிக்கெட்டில் பெயரைப் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கென்யாவில் வண்டி எடுக்கும்போது வேன் வேண்டாம், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாகக் கேளுங்கள். முடிந்தால் நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்கு விமானத்தை நீங்களே எடுங்கள். கடற்கரை விடுதியில் இறங்கியதும் தண்ணீர் வருகிற நேரம் எழுதிய தாளை வரவேற்பறையில் கேட்டு வாங்குங்கள். எல்லாம் சேர்த்து எங்களுக்கு இருவருக்கும் ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் ஆனது.

பாஸ்போர்ட் முத்திரை விதியெல்லாம் இப்போது தளர்ந்துவிட்டது, சில நாடுகளுக்கு மட்டும்தான் அந்தச் சோதனை என்கிறார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாது, விசாரித்துக்கொள்ளுங்கள். எந்த விதியாக இருந்தாலும் சரி, கூட வருகிறவரின் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வீட்டிலேயே அவர் கையில் கொடுத்து, உட்கார்ந்து வாசித்துச் சொல்லிவிடுங்கள். விமான நிலைய வரிசை அதற்கான இடம் இல்லை. நாங்கள் திரும்பி வந்த மறுமாதம் கல்யாணத்தைப் பதிவு செய்தோம். இருபத்திரண்டு வருடம் தாமதம். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்கும் மூன்று நாள் அலைய விட்டார்கள், அது வேறு கதை.

இதை எழுதி முடித்ததும் முத்துப்பேச்சியிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று எழுத்துப்பிழை திருத்தினாள். சீல் விஷயம் வருகிற இடத்தில் மட்டும் உன் பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு?" என்றாள்.